நாற்காலிப் பாட்டு

அன்புத் தம்பிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நீ நலம்தானே? தொண்டை சரியாகிவிட்டதா? இங்கே எல்லாரும் நலம், என் மானம் ஒன்றைத் தவிர.

எல்லாம் உன் ராப் பாட்டால் வந்தது. பாப்பா எந்தத் தாலாட்டுக்கும் மசியவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய், நீ அனுப்பிய லிஃப்ட் பாட்டை அவள் முதுகில் தட்டிக்கொண்டே சொன்னேன்: "லிஃப்டுல ஏழு பேரு, ஏழுல எனக்கு யாரு." கண் சொக்கிவிட்டது. மற்ற குழந்தைகள் நிலாவைக் கேட்டுத் தூங்க, என் பெண் உன் தனிமையைக் கேட்டுத் தூங்குகிறாள். தட்டுகிற தாளம் கொஞ்சம் பிசகினாலும் முறைக்கிறாள்.

போன ஞாயிறு உன் அத்தானுடைய மேனேஜரும் அவர் மனைவியும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். பாப்பா சிணுங்கவே, தூங்கவைக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழந்தை அழுதால் ஹாலில் கேட்கட்டும் என்று உன் அத்தான் தொட்டிலில் ஒரு மைக் மாட்டியிருப்பது, பட்டம் வாங்கிய எனக்கு ஞாபகமே வரவில்லை. லிஃப்ட் முடிந்தது, அவள் தூங்கவில்லை, விடாமல் உன்னைப் போலவே கையை ஆட்டி ஆட்டி அடுத்ததற்குப் போனேன்:

"இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி,
வந்தவங்க உக்காந்தாச்சு, உள்ள மட்டும் காலி."

வெளியே வந்தால் ஹாலில் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. மேனேஜர், "நாங்க கிளம்பறோம்மா" என்று உன் அத்தானின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாமனார் ரொம்ப நேரம் யோசித்து, "நாங்க உன்மேல எப்பம்மா உக்காந்தோம்?" என்றார். மாமியார், "வாயத் தொறந்து சொல்லக் கூடாதா, பாட்டாவா படிக்கணும்?" என்றார். உன் அத்தான் மட்டும், "உனக்கு என்ன குறை?" என்றார். நான் உன்னைக் கேட்பேனே, அதே கேள்வி, அதே குரல்.

"ஐயோ, அது என் தம்பி எழுதின பாட்டு" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். யாரும் நம்பல. இப்ப நான் ஹாலுக்குள்ள வந்தாலே மாமனார் பேப்பரோட எழுந்து நின்னுடறார். மடிக்க எடுத்த துணியை மாமியார் பிடுங்கிக்கிறாங்க. நேத்து உன் அத்தான் மெத்தை வச்ச நாற்காலி ஒண்ணு தூக்கிட்டு வந்து, "இது உனக்கு மட்டும்"னு போட்டுட்டு, மூணு பேரும் சுத்தி நின்னு நான் உக்காருறதைப் பாக்கறாங்க. உடம்பெல்லாம் கூசிப்போச்சுடா.

அதனால நீயே என் மாமியாருக்கு போன் போட்டு, "நாற்காலிப் பாட்டு நான் எழுதினது, அக்காவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. மாமாவுக்கு என்று பாப்பா இந்தக் காகிதத்தின் ஓரத்தை நனைத்திருக்கிறாள்.

உன் அக்கா

பின்குறிப்பு: போன் போடாதே. உன் பாட்டு லிஃப்ட் கதவு திறப்பதோடு முடிந்துவிடுகிறது. நாற்காலி உன் எந்தப் பாட்டிலும் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இரண்டு வரி என் வாயில் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. பாப்பா அதற்குத்தான் தூங்கினாள். இன்னும் நாலு வரி வந்திருக்கிறது, வேறு யாரிடம் காட்டுவேன். சீக்கிரம் பதில் போடு.