காபன் அண்ணையும் முருங்கைத் தடிகளும்

காபன் அண்ணையைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் உலகம் இன்றைக்கு இவ்வளவு சூடாகியிருக்காது. ஆனால் பூநகரியில் ஒருவரும் போகவேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போயிருக்கவும் மாட்டார்கள்.

அவர் ஓட்டோக்காரர். சொந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆசிரியர் வேலை கிடைத்து நான் அங்கே போனபோதே சந்தி முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு கருத்தரங்கில் தொடங்கியதாம். சூழல் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்தவரை ஏற்றிக்கொண்டு போன அண்ணை, வெளியே மழை என்பதால் உள்ளே போய்க் கடைசிக் கதிரையில் இருந்துவிட்டார். மற்றவர்கள் பேச்சைக் காதால் கேட்டு, சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் மனதால் கேட்டுவிட்டார். நாம் பாவிக்கிற ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு புகை போகிறது, அந்தப் புகையின் மொத்தக் கணக்குத்தான் காபன் அடிச்சுவடு என்று பேச்சாளர் சொன்னாராம். நாள் முழுக்கப் புகை விட்டுப் பிழைக்கிற மனிதருக்கு அது சுட்டுவிட்டது. அன்று அவர் ஓட்டோவை வீடுவரை தள்ளிக்கொண்டே போனார் என்று சந்தியில் சொல்வார்கள். பேச்சாளர் அப்போது பின் சீற்றில் இருந்தாரா இல்லையா என்பதில் மட்டும் இரண்டு கருத்து உண்டு.

அதன்பிறகு சட்டங்கள் வந்தன. தனி ஆளை ஏற்றமாட்டார். எனக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிறது என்று நான் தவிப்பேன். அவர் ஆறுதலாக வெற்றிலை போடுவார்.

"ஒரு ஆளுக்காக மூண்டு சில்லு ஓடுறது பாவம் சேர். இன்னும் ரெண்டு பேர் வரட்டும்."

இறக்கத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிடுவார். பூநகரியில் ஏது இறக்கம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மதகைக் கண்டால் அவருக்குப் போதும். ஏறி இறங்குகிற அந்த நாலு முழத்துக்குள் சாவியைத் திருப்பி மிச்சம் பிடிப்பார். சோளகக் காற்று முதுகில் அடிக்கிற மாதங்களில் பக்கத் தறப்பாளை விரித்துக் கட்டிப் பாய்மரம்போல ஓட்டியதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். காற்று முடியாது, வெயில் முடியாது, பெற்றோல்தான் முடியும், முடியாததைப் பாவிப்பதுதான் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று வழி முழுக்கப் பாடம் நடக்கும். அன்று எங்களை ஒரு மாட்டுவண்டி முந்திக்கொண்டு போனது.

அந்தத் தறப்பாளுக்கும் ஒரு கதை உண்டு. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் அவருக்குக் கொட்டில் போடக் கொடுத்தது. மண்ணோடு மண்ணாக உக்கும் என்று அச்சடித்த கடைப் பை ஒன்றை அவர் கிணற்றடியில் தாட்டுவைத்து, வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வந்து கிண்டிப் பார்ப்பார். பை புது மணவாளன் மாதிரிக் கிடக்கும். உக்கும் என்றால் எப்போது, எந்த மண்ணில் என்று சொல்லவேண்டாமா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்பார். உக்காத பொருளுக்குச் சாட்சி வேண்டுமென்றால் தறப்பாளைத் தட்டிக் காட்டுவார்.

"இதோட எத்தினை ஊருக்கு ஓடினனான். நான் உக்கிப்போனன். இது அப்பிடியே கிடக்கு."

ஆனால் அவரை ஊர் முழுக்கப் பிரசித்தமாக்கியது முருங்கைதான். வெளியேற்றிய காபனை மரம் நட்டு ஈடுசெய்யலாம் என்று பேச்சாளர் சொன்னதை அண்ணை நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டார். ஒரு ஓட்டத்துக்கு ஒரு முருங்கைத் தடி. ஆட்கள் கால் வைக்கிற இடத்தில் எப்போதும் ஒரு கட்டுத் தடி கிடக்கும். நாங்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பயணம் செய்வோம். இறங்கினதும் அவரும் இறங்கி, அலவாங்கால் குழி குத்தி, ஒன்றை ஊன்றிவிட்டுத்தான் திரும்புவார். வங்கி வாசல், பள்ளிக்கூட மதில், செத்தவீடு, எதையும் விடவில்லை. முருங்கையில் பேய் குடியிருக்கும் என்று ஒரு வீட்டில் சண்டைக்கு வந்தபோது, பேய்க்கும் ஒட்சிசன் வேணும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்ததும் அவர் சந்தோசப்பட்டார். பிறகு கொஞ்சம் யோசித்தார். உலகத்துக்கு இன்னொரு ஆள் கூடுகிறதே என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரோடு நாலைந்து நாள் கதைக்கவில்லை.

சொன்ன நாளுக்கு முன்னமே ஒரு மத்தியானம் அவளுக்கு வலி வந்துவிட்டது. பஸ் போய்விட்டது, அடுத்தது பின்னேரம்தான். நோயாளர் காவு வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போயிருந்தது. மிஞ்சியது காபன் அண்ணை. போன் எடுத்துவிட்டு வாசலில் நின்றேன். இன்னும் ரெண்டு பேர் வரட்டும் என்று இந்த மனிதர் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். அவளின் முகத்தைப் பார்த்தார். குனிந்து, முருங்கைத் தடிக் கட்டை அப்படியே தூக்கி எங்கள் வேலியோரம் எறிந்தார்.

"தங்கச்சி, காலை நீட்டி இருங்கோ. சேர், பிடிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த ஓட்டோவுக்கு அப்படி ஒரு வேகம் இருக்கிறது என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. வழியில் கை காட்டியவர்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மதகு வந்தது. பழக்கத்தில் அவருடைய கை சாவிக்குப் போனது. நானும் மனைவியும் ஒரே நேரத்தில் "அண்ணை" என்றோம். கை திரும்பி வந்துவிட்டது. பரந்தன் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று மருத்துவத்தாதி வந்து சொன்னதும் நான் சுவரோடு சாய்ந்து அழுதேன். பக்கத்தில் நின்ற அண்ணை தோளில் கிடந்த துவாயை எடுத்து என்னிடம் தந்தார். பிறகு அதையே வாங்கித் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வேலியைக் காணவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை முருங்கைத் தடிதான் தெரிந்தது. அன்றைக்கு எறிந்த கட்டும் போதாமல் எங்கெங்கோ வெட்டிக்கொண்டு வந்து ஊன்றியிருந்தார். ஒரு ஓட்டத்துக்கு ஒரு தடிதானே என்று கேட்டேன்.

"அண்டைக்கு ஓடின ஓட்டத்துக்கு ஒண்டு காணுமே சேர்?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "பிள்ளையின்ர பங்கையும் சேர்த்து நட்டிட்டன். அவா இனி யோசிக்காமல் வளரட்டும்" என்றார்.

இப்போது நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. முருங்கை இலை வறை என்றால் முகத்தைத் திருப்புவாள். பூநகரிக்குப் போகிற நாட்களில் பஸ்ஸால் இறங்கி அவருடைய ஓட்டோவில்தான் ஏறுவோம். மூன்று சீற்றும் நிறைந்திருந்தாலும் மகளை அரை ஆளாகத்தான் கணக்கெடுப்பார். மிச்ச அரை ஆள் வரும்வரை வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பார். நான் இப்போது அவசரப்படுவதில்லை. உண்மையான அவசரம் வந்தால் அவர் ஒருவருக்காகவும் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.