இரண்டு ஏஸும் ஒரு பால்கனியும்

இனிமேல் வீட்டில் 'சரி' என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை என்று தோக்தோசுன் ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். முதலில் முகச்சவரக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. தைரியம் வந்துவிட்டது. அடுத்து, கீழ்வீட்டு ஜூசுப்பைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"போக்கர்ல மூணே வழிதான் தம்பி. சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கலாம். இல்ல, அடுத்தவன் வச்சதுக்குச் சமமா வச்சு அவன் பின்னாடியே போகலாம். அதுக்குப் பேரு கால். இல்லாட்டி கையில இருக்கற மொத்தக் காயையும் நடுவுல தள்ளிடலாம். அதுதான் ஆல்-இன். கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு வெறும் கால்தான்."

"கால் இல்லண்ணே, காலடி."

"சிரிக்காதே. முதல்ல தள்றவனுக்கு ஜெயிக்க ரெண்டு வழி இருக்கு. எதிராளி பயந்து ஓடினாலும் ஜெயம், அவன் நின்னு நம்ம சீட்டு பெருசா இருந்தாலும் ஜெயம். கால் பண்றவனுக்கு ஒரே வழி, சீட்டு பெருசா இருந்தே ஆகணும். அதனால இன்னிக்கு வீட்டுல நானே முதல்ல தள்ளப்போறேன்."

"எதை?"

"பால்கனியை."

அந்த வீட்டின் போர்க்களமே பால்கனிதான். பிஷ்கெக்கில், ஐந்தாவது மாடியில், கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி. ஒரு நாற்காலி, ஒரு குட்டி மேஜை, ஒரு கணினி, ஒரு தோக்தோசுன். அதற்கு மேல் ஒரு கொசு வந்தாலும் யாராவது எழுந்து நிற்க வேண்டும். மனைவி புருல்சாவுக்கோ அங்கே தன் தையல் மெஷினைப் போட வேண்டும். மகள் கல்யாணத்துக்குக் கம்பளி மெத்தை தைக்கிறாள். படுக்கையறையில் வெளிச்சம் போதாது, கண் வலிக்கிறது. கட்டிலைச் சுற்றி ஆட்டு மயிர் மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஆடு மட்டும்தான் இல்லை. அந்தக் குறையைத் தோக்தோசுன் தினமும் தும்மித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட் கைவிட்டுப் போய் வெகுநாளாயிற்று. அலமாரி போயிற்று. மீசையும் போயிற்று. மிச்சம் இருந்தது பால்கனி ஒன்றுதான்.

தேநீர் வேளையில், ஜூசுப்பையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தள்ளினார்.

"இந்தா பாரு புருல்சா. பால்கனி என்னுது. இன்னிக்கும் என்னுது, என்னிக்கும் என்னுது. இனிமே அதைப் பத்திப் பேச்சே கிடையாது!"

புருல்சா அவருடைய கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றினாள். முகம் மாறவில்லை.

"சரிங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன, சரிங்க?"

"நீங்களா குடுக்காம நான் எடுத்துக்க மாட்டேன். போதுமா? ரொட்டி ஆறுது, எடுத்துக்குங்க."

தோக்தோசுன் ஜூசுப்பை முழங்கையால் இடித்தார். "பாத்தியா? ஒதுங்கிட்டா!"

மதியம் கணினியில் போக்கர் போட்டி. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் நடக்கப்போகும் பெரிய ஆட்டத்தில் உட்கார இடம் பிடிக்கும் போட்டி. கடைசியில் எஞ்சும் பத்துப் பேருக்கு இடம். பத்தாவதாக வந்தாலும் அதே இடம், முதலாவதாக வந்தாலும் அதே இடம். நாற்காலியில் தோக்தோசுன், கதவு நிலையில் தேநீர்க் கிண்ணத்தோடு ஜூசுப். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பதினொரு பேர் மிஞ்சினார்கள். இன்னும் ஒருத்தன் தொலைந்தால் போதும்.

அப்போது பார்த்து அவர் கைக்கு வந்தன இரண்டு ஏஸ்.

"அண்ணே! ரெண்டு ஏஸ்! இதுக்கு மேல சீட்டே கிடையாதே! தள்ளுங்க!"

"இருடா."

அவருக்கு முன்னாலேயே காய்களைக் குன்றாகக் குவித்து வைத்திருந்த ஒருவன் மொத்தத்தையும் தள்ளிவிட்டிருந்தான். அடுத்துப் பேச வேண்டியது தோக்தோசுன். திரையில் நொடிகள் ஓடின. காதுமடல் சிவந்தது. வழுக்கையில் வேர்வை ஊறியது.

"கால் பண்ணுங்கண்ணே!"

"ஜெயிச்சாலும் அதே இடம்தான்டா. தோத்தா நடுத்தெரு. அந்தக் கடைசி ஆளைப் பாரு, கையில சுண்டல் அளவு காய்தான் வச்சிருக்கான். அவன் போகட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஏஸையும் கவிழ்த்தார். பெற்ற பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிட்டதுபோல் ஒரு விம்மல் வந்தது. உடனே அந்தச் சுண்டல்காரன் தன்னிடம் இருந்ததை எல்லாம் உள்ளே போட்டான்! அவன் தோற்றால் இவருக்கு இடம். சீட்டுகள் திரும்பப்போகின்றன. தோக்தோசுனால் பார்க்க முடியவில்லை. எழுந்து நடைவழிக்கு ஓடி, மாட்டியிருந்த குளிர்காலக் கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஜூசுப்பையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"நீயும் பாக்காதே. உன் மூஞ்சியே சொல்லிடும். புருல்சா! ஏய் புருல்சா! பால்கனிக்குப் போய்ப் பாரு, ஜெயிச்சேனா தோத்தேனா!"

பதில் இல்லை. திடீரென்று வீடே அதிர ஒரு குரல்:

"சுயுன்ச்சு!"

அந்த ஊரில் நல்ல சேதி கொண்டு வருகிறவர்கள் கூவுகிற சொல் அது. கேட்டவர் முதலில் பரிசு தர வேண்டும், பிறகுதான் சேதி. கையில் கிடைத்த மிட்டாயைச் சட்டென்று நீட்டிவிட்டாலும் முடிந்தது, அதுவே பரிசு. ஆனால் மகிழ்ச்சியில் 'என்ன வேணும், கேளு' என்று வாயைவிட்டவன், கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சேதி கெட்டுப்போகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தோக்தோசுன் கோட்டோடு சேர்ந்தே துள்ளினார்.

"ஜெயிச்சாச்சு! கேளு புருல்சா, கேளு! என்ன வேணும்? எது வேணாலும் கேளு!"

"பால்கனி."

"எடுத்துக்கோ! நாற்காலியையும் சேத்து எடுத்துக்கோ! சேதியைச் சொல்லு!"

புருல்சா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு மாசமா நிறுத்தி வச்சிருந்தானுங்களே, குழாயில சுடுதண்ணி வந்துடுச்சுங்க!"

நடைவழியில் ஒரு கோட்டு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"சுடுதண்ணியா? அப்போ ஆட்டம்?"

"எந்த ஆட்டம்? நான் குளியலறையில துணி அலசிக்கிட்டிருந்தேன்."

"கத்தினேனேடி!"

"குழாய்ச் சத்தத்துல எங்க கேக்குது?"

"செல்லாது! இது செல்லவே செல்லாது!"

"செல்லும்ண்ணே," என்றான் ஜூசுப். "நான்தான் சாட்சி. அதோட சுடுதண்ணிங்கறது உண்மையிலேயே நல்ல சேதிதான். நான் போய்க் குளிக்கணும்." போயே விட்டான்.

தோக்தோசுன் பால்கனிக்கு ஓடினார். திரையில் பச்சை எழுத்து மின்னியது. சுண்டல்காரன் தொலைந்திருந்தான். தோக்தோசுனுக்கு இடம் கிடைத்தாயிற்று!

பெரிய ஆட்டம், ஏரிக்கரை, ஹோட்டல் எல்லாம் ஒரு கணம் கண்ணுக்குள் சுழன்றன. அதற்குள் அதைவிடப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. இதுவும் நல்ல சேதிதானே? அவளுக்கு இன்னும் தெரியாதே? போன பால்கனியை அதே வழியில் திருப்பிவிடலாமே!

"சுயுன்ச்சு! சுயுன்ச்சு!" என்று கூவிக்கொண்டே சமையலறைக்குள் பாய்ந்தார். புருல்சா அடுப்பில் ஆப்ரிகாட் பழ ஜாம் கிளறிக்கொண்டிருந்தாள். பதம் பார்க்கக் கொஞ்சம் தட்டில் ஆறவைத்திருந்தாள். தோக்தோசுன் வாயை அகலத் திறந்தார். "பா..."

ஒரு கரண்டி ஜாம் உள்ளே போயிற்று.

"இந்தாங்க, சுயுன்ச்சு குடுத்தாச்சு," என்றாள் புருல்சா. "இப்போ சேதியைச் சொல்லுங்க."

துப்பினால் பரிசை அவமதித்ததாகும். விழுங்கினால் வாங்கிக்கொண்டதாகும். தோக்தோசுன் கொஞ்ச நேரம் கன்னம் உப்ப நின்றார். பிறகு விழுங்கினார்.

ஜாம் வேறு நன்றாக இருந்து தொலைத்தது.