தங்கராசாவின் மில்லில் தேனுகா எடை பார்த்தது

தங்கராசாவின் அரிசி மில்லில் அப்போது நின்றவர்கள்: முதலாளி தங்கராசா, மூட்டை தூக்கும் சுடலைமுத்து, இருபது மூட்டை நெல் விற்க வந்திருந்த யோகநாதன், தேனுகா, அவளைத் தனியே எங்கும் விடாத தாய் விமலேஸ்வரி.

தேனுகா ஒருமுறை ஒலிம்பிக் போய் மல்யுத்தம் பிடித்தவள். முதல் சுற்றிலேயே மல்லாத்திவிட்டார்கள். சொந்த ஊரான புளியங்குளத்தில் அதை யாரும் பெரிதாய் எடுக்கவில்லை. மறுநாள் காலை கொழும்பில் அடுத்த ஒலிம்பிக்குக்கான தெரிவு. ஐம்பத்துமூன்று கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஸ் ஏறுமுன் நிறுத்துப் பார்க்க வந்திருந்தாள்.

வாசலில் கிடந்த தராசில் ஏறினாள். ஐம்பது காட்டியது.

"மூண்டு கிலோ குறைஞ்சு போய் ஆரோட பிள்ளை மல்லுக்கட்டப் போறாய்?" என்றாள் விமலேஸ்வரி.

மூன்று நாளாய் வெறும் தேத்தண்ணீரில் கிடந்தவளுக்கு அது போதும். பஸ்ஸுக்கென்று கட்டிவந்த புட்டு அங்கேயே முடிந்தது. யோகநாதன் இரண்டு வாழைப்பழம் நீட்டினார்.

"சாப்பிடு பிள்ளை. நாட்டுக்காகத்தானே."

திரும்ப நிறுக்கப் போனால், வாசல் தராசில் யோகநாதனின் மூட்டைகள் ஏறியிருந்தன. உள்ளே இன்னொரு தராசு இருந்தது.

"உள்ளுக்குப் போகாத பிள்ளை, ஒரே தூசி," என்றார் தங்கராசா.

அவள் போனாள். ஐம்பத்தாறு.

"அம்மா, ஆறு கிலோ புட்டோ அவிச்சனீங்கள்?"

"ஒரு நீத்துப்பெட்டிதானடி அவிச்சனான்."

"கரண்ட் ஏறி இறங்குது," என்றார் தங்கராசா.

தேனுகா யோகநாதனின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வேர்ப்பதற்காக அவருடைய மூட்டைகளைச் சுமந்தாள். இருபதும் உள்ளே போய்ச் சேர்ந்தன. சுடலைமுத்து மரியாதையாக ஒதுங்கி நின்று பார்த்தார். உள் தராசு ஐம்பத்தைந்து காட்டியது.

சாக்கு அறுக்கும் கத்தியை எடுத்தாள். இடுப்புவரை கிடந்த பின்னல் கையோடு வந்தது. விமலேஸ்வரி மூட்டையொன்றில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்தைந்து அசையவில்லை.

கடைசி நம்பிக்கையாக வாசல் தராசுக்கு ஓடினாள். நாற்பத்தொன்பதரை.

"பத்தடி நடக்க அஞ்சரைக் கிலோ எங்க போகுது?" என்று பின்னலும் கையுமாய் நின்று கேட்டாள். தங்கராசா கூரையைப் பார்த்தார்.

சுடலைமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.

"வாசல்ல உள்ளது நெல்லு வாங்குற தராசு, தங்கச்சி, ரெண்டரை கொறச்சிக் காட்டும். உள்ள இருக்கிறது அரிசி விக்கிற தராசு, மூணு கூட்டிக் காட்டும். நீங்க சரியா அம்பத்திரெண்டு. சந்தோசமா போயிட்டு வாங்க."

யோகநாதன் தன் இருபது மூட்டைகளையும் திரும்பிப் பார்த்தார். தங்கராசா கந்தோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டார்.