நடுப்பாலத்தில் இரண்டு கௌரவங்கள்

சித்திரை விடுமுறைக்காகப் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டதும் கௌரவ உறுப்பினர்கள் ஓய்வெடுக்கப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அறியாமை. ஓய்வைச் சபையிலேயே முடித்துக்கொண்டு, வேலை செய்யத்தான் அவர்கள் தொகுதிக்கு வருகிறார்கள்.

இலங்கையில், குருவிட்ட ஊருக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டம். அதன் கீழ் டிவிஷனில் ஓடைக்குக் குறுக்கே, ஓராள் மட்டும் நடக்கக்கூடிய இரும்புப் பாலம் தயாராகி நின்றது. இரு முனையிலும் நாடா. எம்.பி. வந்து திறக்காத பாலத்தில் கால் வைக்கும் பழக்கம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களுக்கு இல்லை. நாடாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடையில் இறங்கிப் போனார்கள்.

இறப்பர் மரத்தில் பால்வெட்டும் இராமையாவுக்குத்தான் அவசரம். ஞாயிற்றுக்கிழமை எம்பிலிப்பிட்டியவிலிருந்து மகள் சர்மிளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன வருடம் வந்த சம்பந்தம், மாப்பிள்ளையின் அத்தை ஓடையில் வழுக்கி விழுந்ததோடு சரி.

அந்தப் பகுதிக்கு இரண்டு எம்.பி.கள், கட்சிக்கு ஒருவர். இராமையா முதலில் குடைக் கட்சி யோகநாதன் எம்.பி.யிடம் போனார்.

“ஐயா, ஞாயித்துக்கெழமைக்குள்ள பாலத்தத் தொறந்து குடுத்துருங்க.”

“தொறக்கலாம். முத்துவேல் மனசு புண்படுமே! நாங்க இப்ப சமாதான அரசியல் பண்றோம், தெரியாதா?”

தெரியும். போன தேர்தலில் இரு கட்சிக்காரரும் கதிரையால் அடித்துக்கொண்ட பிறகு, இனி ஒருவர் மனதை ஒருவர் புண்படுத்துவதில்லை என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள். அன்றுமுதல் தொகுதியில் சண்டையில்லை. சண்டை வரக்கூடிய வேலை எதுவும் நடப்பதில்லை.

விளக்குக் கட்சி முத்துவேல் எம்.பி., “அவரே மொதல்ல தொறக்கட்டும். நான் விட்டுக்குடுக்கிறவன்” என்றார்.

“அவரும் அதத்தானுங்க சொல்றாரு.”

“பாத்தியா, எவ்வளவு ஒத்துமை!”

இராமையாவின் மனைவி பரிமளம்தான் வழி சொன்னாள். “பாலத்துக்கு ரெண்டு முனை இருக்குல்ல? ஆளுக்கொண்ணத் தொறக்கட்டுமே.”

ஞாயிறு காலை மேளம் முழங்க இரு நாடாவும் ஒரே வேளையில் வெட்டப்பட்டன. இருவரும் எதிரெதிரே நடந்து நடுப்பாலத்தில் சந்தித்து, கட்டித்தழுவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இனி யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும்.

“நீங்க பின்வாங்கினா உங்க கௌரவம் என்னாவுறது?” என்றார் யோகநாதன்.

“உங்க கௌரவம் போறத நான் மட்டும் பாத்துக்கிட்டு நிப்பேனா?” என்றார் முத்துவேல்.

நின்றார்கள். வெயில் ஏறியது. சனங்கள் ஓடையில் இறங்கி மேலே தேத்தண்ணி நீட்டினார்கள். ஒருவர் குடை பிடித்தார். அது எதிர்க்கட்சிச் சின்னம் என்று முத்துவேலின் ஆட்கள் முறைத்தார்கள். பட்டப்பகலில் ஒரு விளக்கையும் ஏற்றிப் பிடித்த பிறகே சமாதானம் நிலைத்தது.

மாப்பிள்ளை வீட்டு வேன் அக்கரையில் வந்து நின்றது. இராமையா பாலத்தடிக்கு ஓடினார்.

“ஐயா, கொஞ்சம் ஒதுங்குனீங்கன்னா…”

“எந்தப் பக்கம்?” இருவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

எந்தப் பக்கம் என்றாலும் கலவரம்தான்.

மாப்பிள்ளையின் அம்மா பாலத்தை அண்ணாந்து பார்த்தார். “அடடே, ரெண்டு எம்.பி.யுமா! டேய், போன எடுடா!” பட்டுச்சேலையோடு ஓடையில் இறங்கினார். வழுக்கி விழுந்தார். விழுந்தபடியே சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

“சம்பந்தி, பொண்ணப் பாக்கவே வேணாம், சம்மதம். கல்யாணத்துக்கு இவங்க ரெண்டு பேரும் வரணும், அவ்வளவுதான்!”

மாலையில் மழை தூறியபோது இரு உறுப்பினர்களும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்றாக எண்ணி, ஒன்றாக ஓடையில் குதித்தார்கள். யாரும் பின்வாங்கவில்லை.

மறுவாரம் அந்தப் பாலம் ‘சமாதான அரசியல் நினைவுச்சின்னம்’ ஆனது. இரு முனையிலும் முள்வேலி. ஏறி நடக்கத் தடை. வேலிக்குத் தூண் நட்டவர்களில் இராமையாவும் ஒருவர்.

கல்யாணத்தன்று சர்மிளா கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.

“அப்பா, வேலியக் கழட்டிட்டு மேல போனா என்னா?”

“சும்மா இரு புள்ள. இப்புடி ஒரு பாலத்துக்குக் கீழ போக எத்தன பேருக்குக் குடுப்பினை இருக்கு? நிமிந்து கும்பிட்டுக்க.”

கும்பிட இரண்டு கையும் வேண்டும். சர்மிளா சேலையை விட்டாள்.