அதுக்கு முன்னாடி அண்ணன்

ஒரு காரியத்தை ஆரம்பிக்காமலேயே அதில் பெரிய ஆளாகிவிட முடியும் என்று நிரூபித்தவர் இந்தத் தேசத்திலேயே ஒருவர்தான். அவர் திருப்பதியில் எனக்கு ரூம்மேட்டாக இருந்தார்.

ஊர் விஜயபுரம் பக்கம். வேர்க்கடலை போடும் குடும்பம். அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அட்டெண்டன்ஸில் இருந்ததாகக் கேள்வி. அட்டெண்டன்ஸ் எடுத்த மேடமே அதை மறந்துவிட்டார். ஹாஸ்டல் வாட்ச்மேன் முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘அதுக்கு முன்னாடி அண்ணன்’தான். நீங்கள் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த இரண்டு வார்த்தைகள்.

நாங்கள் படித்த படிப்பைச் சொன்னால்தான் மீதி புரியும். டெக்னிகல் கம்யூனிகேஷனில் முதுகலை. நகரியில் பவர்லூம் ஓட்டும் என் நைனாவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“மிக்சி வாங்கினா டப்பாவுக்குள்ள ஒரு சின்ன புக்கு இருக்குமே நைனா, அத எழுதற படிப்பு.”

“அதுக்கு ரெண்டு வருசமா?”

“ஆமா.”

“அந்த புக்க இதுவரிக்கும் யாருனா படிச்சிகிறாங்களா?”

நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்து யாரும் படித்ததில்லை.

“நம்ம வூட்ல அத பிரிக்காமயே மிக்சி நல்லாத்தான் ஓடிக்கினுகீது” என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார் நைனா. இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட அவரே வந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாஸ்டலுக்குள் நுழைந்தபோது எனக்கு அகோரப் பசி. ரூமில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம், “அண்ணா, மெஸ் எங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“அதுக்கு முன்னாடி, மெஸ் கார்டு வாங்கிட்டியா?”

“இல்லண்ணா.”

“அதுக்கு முன்னாடி வார்டன்கிட்ட கையெழுத்து வாங்கணும். அதுக்கு முன்னாடி போட்டோ ஒட்டணும். போட்டோ இருக்குதா?”

“இருக்குது.”

“கோந்து?”

கோந்து இல்லை. யாராவது திருப்பதிக்குப் படிக்க வரும்போது கோந்து எடுத்துக்கொண்டு வருவார்களா? அவரிடம் இருந்தது. அவர் சொன்ன வரிசையில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனால் கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கடித்துத் தின்றிருப்பேன். அவரோ ஒரு பை நிறைய வறுத்த வேர்க்கடலையை என் மடியில் கொட்டி, “துன்னு. நாளைக்கு உன்ன எவனும் தடுக்க முடியாது” என்றார். அது உண்மைதான். கார்டு இல்லாமல் என்னோடு சேர்ந்த மற்ற பையன்கள் அந்த வாரம் முழுக்க மெஸ் வாசலில் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

இன்னொரு நாள் கல்லூரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சாமி தரிசனம் முடித்து, குடும்பத்தோடு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாத ஒருவர் வேகமாக வந்து, “தம்பி, பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?” என்றார். பின்னால் மனைவி, குழந்தைகள், மூட்டை முடிச்சுகள். நான் கையை நீட்டி வழி காட்டப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

“அதுக்கு முன்னாடி சார், எல்லாரும் வந்துட்டாங்களா?”

“எல்லாரும் இங்கதான் இருக்கோம். வழிய சொல்லுப்பா, வேலூர் வண்டி போய்டும்.”

“ஒருவாட்டி எண்ணிப் பாருங்க சார்.”

அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். முகம் மாறியது. திரும்ப எண்ணினார். எல்லாத் தலையும் மொட்டையாக இருந்ததில் மாமனார் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் தெருவிலேயே “அப்பா!” என்று அலற, ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கடைசியில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஃபேனுக்குக் கீழே ஸ்டூல் போட்டு, சோடா குடித்துக்கொண்டிருந்தார் பெரியவர். மகள் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மருமகன் மட்டும் ஏனோ அவ்வளவு சந்தோஷமாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படிப்பை முடிக்க ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அதைப் பார்த்தே இராத ஒருவர் படித்தால் இயக்கத் தெரியும்படி கையேடு எழுத வேண்டும். நான் ஹாஸ்டல் வாஷிங் மெஷினை எடுத்துக்கொண்டு, மேடத்திடம் ‘பரவாயில்லை’ என்று பெயர் வாங்கி ஒப்பேற்றினேன். அண்ணன் எடுத்தது அவர் ஊரில் இருக்கும் வேர்க்கடலை உடைக்கிற மெஷின். அவர் எனக்கு வெகு சீனியர். அவரோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய், சிலருக்குத் தொப்பையும் விழுந்துவிட்டது. அண்ணன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் எழுதினால் பக்கம் முன்னால் போகும். அவர் எழுதினால் பின்னால் போகும். முதல் பிரதியில் முதல் படி, ‘சுவிட்சைப் போடவும்’ என்று ஒழுங்காகத்தான் இருந்ததாம். அதற்கு முன்னால் பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? சுவிட்ச் வரியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டு, இதைச் சேர்த்தார். பெல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டாமா? அதற்கு முன்னால் கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டாமா? அதற்கு முன்னால் கடலை நன்றாகக் காய்ந்திருக்கிறதா, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டாமா? நான் அவர் ரூமுக்கு வந்த வருடம், கையேடு படிக்கிற ஆள் களத்து மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். மறு வருடம் அவரை வீட்டுக்கே திருப்பி அனுப்பி, தொங்குகிற துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார் அண்ணன்.

எங்கள் மேடம் தெலுங்குக்காரர், தங்கமான மனுஷி. ஒவ்வொரு மாதமும் கட்டுக்கட்டாகத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மிஷின் எப்புடு ஸ்டார்ட் அவுதுந்தி பாபு?” என்று பரிதாபமாகக் கேட்பார். எப்போதுதான் ஓட ஆரம்பிக்கும் என்ற அந்தக் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே, முதல் வார்த்தை என்னவென்று தெரிந்து, கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்.

ஊரிலிருந்து அவர் நைனா போன் செய்வார். குரல் ஸ்பீக்கர் போடாமலே ரூம் முழுக்கக் கேட்கும். “டேய், உன் தம்பி பொண்ணு ஸ்கூலுக்குப் போய்க்கினுகிறா. நீ இன்னும் ஸ்கூல முடிக்கலியாடா?”

“முடிக்கறதுக்கு முன்னாடி நைனா…” என்று இவர் தொடங்க, அந்தப் பக்கம் போன் அணைந்துவிடும்.

நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தபோது ஒரு திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து தாக்கீது வந்தது. நீட்டிப்பு எல்லாம் முடிந்தது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ப்ராஜெக்ட் உள்ளே வராவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருடப் படிப்பும் இல்லையென்று ஆகிவிடும். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி அவருக்கு வேலை தருவதாகச் சொல்லி, சர்டிபிகேட்டுக்காகக் காத்திருந்தது, அதுவும் போய்விடும். அண்ணன் அதைப் படித்துவிட்டு அமைதியாக மடித்து வைத்தார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் இன்னும் கட்டிலில்தான் இருந்தார். பயமாகக்கூட இருந்தது எனக்கு. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அவர் பாணியிலேயே எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“அண்ணா, ப்ராஜெக்ட ஆபீஸ்ல குடுக்கணும். அதுக்கு முன்னாடி இன்னா பண்ணணும்?”

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இவ்வளவு நாளில் யாரும் அவரிடம் இப்படி ஒழுங்காகக் கேள்வி கேட்டதில்லை. “பைண்டிங் பண்ணணும்” என்றார்.

“அதுக்கு முன்னாடி?”

“பிரிண்ட் போடணும்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஜெராக்ஸ் கடைக்குப் போவணும்.”

“அதுக்கு முன்னாடி?”

“கட்டில வுட்டு எழுந்துக்கணும்” என்று சொன்னவர், சொன்ன வாக்குத் தவறாமல் எழுந்துவிட்டார். நான் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி உட்கார்ந்துவிடுவாரோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஷட்டரில் கை வைத்தார். அண்ணனுக்காக அவர் முதல் பக்கத்தை மட்டுமே வருடக்கணக்கில் மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தவர். “நா வல்ல காது சாமி” என்று கும்பிட்டார், என்னால் ஆகாது என்று. நிலைமையைச் சொன்னேன். உடனே மற்ற வேலையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு பென் டிரைவை வாங்கிக்கொண்டார்.

“ஒரு நிமிசம்” என்றார் அண்ணன். “ஒரே ஒரு வரி சேக்கணும்.”

நானும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவர் முதல் பக்கத்துக்குப் போகவில்லை. கர்சரைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய், தெலுங்கிலும் தமிழிலும், ‘இப்போது சுவிட்சைப் போடலாம்’ என்று அடித்தார். ஆபீஸ் மூடுவதற்குள், பசை காயாத புத்தகத்தைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம்.

கொடுத்தால் மட்டும் போதுமா? வைவா இருக்கிறதே! சென்னையிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒருவர் வந்தார். கடுகடு முகம். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குலதெய்வங்களை வேண்டிக்கொண்டிருந்தோம். அவர் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வியைக் கேட்டார்: “உங்க கையேட்டுல என்ன குறை இருக்குன்னு நினைக்கறீங்க?” இதற்கு எல்லோரும் அடக்கமாக ஏதோ ஒன்றைச் சொல்லி உட்கார்ந்துவிடுவது ஊர் வழக்கம்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சார், இது ரொம்ப மோசமான கையேடு.”

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணன் தன் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்தார், வாயால்தான். படம் சரியில்லை. மூன்றாம் பாகத்தில் கரண்ட் போய்த் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று எழுத மறந்துவிட்டது. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு எழுத்து சின்னது. அவர் அடுக்க அடுக்க எக்ஸாமினரின் கடுகடுப்பு போய்த் தவிப்பு வந்துவிட்டது.

“அவ்வளவு மோசம்னு சொல்ல முடியாதுப்பா.”

“இல்ல சார், நீங்க சரியா படிக்கல.”

“நான் படிச்சேன்!” என்று எக்ஸாமினர் மேஜையைத் தட்டினார். “பஸ்ல வர்ற வழியெல்லாம் படிச்சேன். இதோ பாரு: ‘பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று நடந்து போய்ப் பாருங்கள். குரல் கொடுத்தால் மட்டும் போதாது. மெஷின் பக்கத்திலேயே வேலை செய்பவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும்.’ இத எவன்யா எழுதறான்? நான் இத்தனை வருஷமா பாக்கறேன், எல்லாக் கையேடும் சுவிட்சுலதான் ஆரம்பிக்குது. நீ ஏன் அங்க ஆரம்பிக்கல?”

அண்ணன், “எங்க ஊர்ல அந்த மெஷின்ல வெரல குடுத்தவங்க கீறாங்க சார்” என்றார். “எல்லாருக்கும் நல்லா ஆன் பண்ணத் தெரியும்.”

இரண்டு வருடம் அவரோடு ஒரே ரூமில் இருந்தவன், அவரைக் கிண்டல் செய்தே பொழுது ஓட்டியவன், எனக்கே அன்றைக்குத்தான் அது தெரியும். எக்ஸாமினர் பேனாவை எடுத்து, அந்த வருடத்திலேயே யாருக்கும் போடாத மார்க்கைப் போட்டார். அண்ணன் மெதுவாகக் கையை நீட்டி, “சார், அந்த மூணாம் பாகத்த மட்டும் திருத்திக் குடுத்துடட்டுமா?” என்று கேட்டபோது, எக்ஸாமினர் புத்தகத்தைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

வெளியே வந்து அண்ணன் ஊருக்குப் போன் போட்டார். “நைனா, முடிச்சிட்டேன்” என்றார். அந்தப் பக்கம் நம்பவில்லை. “பக்கத்துல யாருனா இருந்தா குடுடா” என்று சத்தம் கேட்டது. நான் வாங்கி, “பாஸ் நைனா, எல்லாரையும் வுட அதிக மார்க்கு” என்றேன்.

எப்போதும் ரூமே அதிரக் கேட்கும் குரல் இப்போது போனைக் காதில் அழுத்தினாலும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, “புள்ள எதுனா துன்னானாபா?” என்றார்.

காலையிலிருந்து அண்ணன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடம், ஜெராக்ஸ் கடைக்காரர், நாங்கள் எல்லோருமாக அவரை டிபன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். தோசைக்கு மேல் தோசையாக அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டார். நாங்கள் யாரும் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. அந்த மனுஷன் சாப்பிடுவதைப் பார்த்தே எங்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது.