மாடி ரூமுக்கு நாலு வாசல்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேனேஜ்மென்ட் என்றால் வெயில் படாமல் வேலை வாங்குவது என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சிவில் இன்ஜினியரிங் முடித்த கையோடு எம்.இ. கட்டுமான மேலாண்மையில் போய்ச் சேர்ந்ததற்கு உண்மையான காரணம் அதுதான். பி.இ.யோடு நின்றால் தலையில் ஹெல்மெட், கையில் டேப், காலெல்லாம் சிமென்ட். எம்.இ. முடித்தால் ஏ.சி. அறை, லேப்டாப், அவ்வப்போது போனை எடுத்து, ‘அந்த வேலை ஏன் இன்னும் முடியல’ என்று ஒரு கேள்வி. (நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.)

எங்கள் ஊர் ஆமத்தூர். அப்பா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், நான் எதைச் சொன்னாலும் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. இந்தக் கதையில் நடந்த எல்லா நாசத்துக்கும் அந்த மரியாதைதான் காரணம். சொந்தக்காரர்கள் யாராவது, “உம்மக என்ன படிக்கா?” என்று கேட்டால் அம்மா, “கட்டட வேலையில மேனேஜ்மென்ட்டு” என்பாள். “அப்ப கொத்தனாரா?” என்பார்கள். “இல்ல, கொத்தனாருகள மேய்க்கிறது” என்று அம்மா திருத்துவாள்.

கடைசி வருடத்தில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘கைப்பேசி வழியாகக் கட்டுமானப் பணியைத் தொலைவிலிருந்தே கண்காணித்தல்’. அதாவது, சைட் பக்கமே போகாமல் ஒரு கட்டடத்தைக் கட்டி முடிப்பது. அதற்குத் தோதாக வீட்டிலேயே ஒரு வேலை வந்தது. தேவி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை தங்குவதற்கு மொட்டை மாடியில் ஒரு ரூம் போட வேண்டும் என்றார் அப்பா. மதுரை ஹாஸ்டலில் இருந்தபடியே அதை நான் கட்டித் தருகிறேன் என்றேன். அப்பா அன்றைக்கு முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டே இருந்ததாக அம்மா சொன்னாள்.

கட்ட வந்தவர் மாரியப்பன் அண்ணாச்சி. அப்பாவின் கம்பெனியில் எல்லாக் கட்டட வேலையும் அவர்தான். நல்ல தொழில்காரர். ஆனால் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் பாதிக்கு மேல் அவர் கட்டியது வெடிமருந்து ரூம்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற, மருந்து செலுத்துகிற ரூம்கள் எல்லாம் சின்னதாக, தனித்தனியாக இருக்கும். நாலு பக்கமும் வாசல் வைத்து, கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்று என்றால் உள்ளே இருக்கிறவர்கள் எந்தப் பக்கமும் ஓடித் தப்பலாம். ஒரு ரூமுக்கு நாலு வாசல் என்பது அண்ணாச்சிக்கு இட்லிக்குச் சட்னி மாதிரி, கேள்வி கேட்கிற விஷயமே இல்லை.

இனி நான் செய்ததற்கு வருகிறேன். பிளானும் கால அட்டவணையும் ஒரே தாளில் இருந்தால் கொத்தனாருக்குக் குழப்பமே வராது என்று ஒரு யோசனை தோன்றியது. (கண்டுபிடிப்பு என்றே ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன்.) நாலு சுவர், நாலு நாள். எந்தச் சுவர் எந்த நாளில் என்று காட்ட, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு வட்டம் போட்டு, ஆங்கிலத்தில் டி-1, டி-2, டி-3, டி-4 என்று எழுதினேன். டி என்றால் டே, நாள். சுவர் கட்டுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும், நாலு சுவரும் சேர்ந்துதான் எழும்பும். நான் லேப்டாப்பில் மட்டுமே சுவர் எழும்பிப் பார்த்தவள். அது போகட்டும். கட்டட வரைபடத்தில் டி என்று போட்டால் உலகம் முழுக்க அதற்கு ஒரே அர்த்தம்தான்: டோர், கதவு. பாலிடெக்னிக்கில் முதல் வருடம் படிப்பவர்களுக்கும் இது தெரியும். எம்.இ. இரண்டாம் வருடத்தில் இருந்த எனக்குத்தான் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வாரங்களை டபிள்யூ என்று குறிக்காமல் விட்டேனே, அந்த மட்டில் ஜன்னல்கள் தப்பித்தன.

தாளின் அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, ‘புராஜெக்ட் மேனேஜர்’ என்று எழுதி ஊருக்கு அனுப்பினேன்.

அண்ணாச்சி ஒருமுறை சந்தேகம் கேட்கத்தான் செய்தார். போன் வந்தபோது நான் கேன்டீனில் இருந்தேன்.

“தாயி, பிளான்ல மூணாவது, தெருப்பக்கமால்ல வருது?”

“ஆமா அண்ணாச்சி. மூணாவது தெருப்பக்கந்தான்.”

“அந்தப் பக்கம் அந்தரமால்ல இருக்கு. கீழ ரோடு.”

சாரம் கட்டுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். “இருக்கட்டும் அண்ணாச்சி. பிளான்ல என்ன இருக்கோ அதை அப்படியே செய்ங்க. எதையும் மாத்தக் கூடாது.”

“சரி தாயி. பின்னாடி பால்கனி எடுப்பீக போல.”

“அதெல்லாம் அடுத்த கட்டம்” என்று சொல்லிவிட்டு வடையைத் தொடர்ந்தேன். (அவர் என்ன பால்கனி என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மேனேஜர் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று அவசியமில்லை என்று நினைத்தேன்.)

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் வந்தன. ஒரு நாள் ஒரு வாசல் நிலை, மறுநாள் ஒரு நிலை. அம்மா ஒவ்வொரு நிலைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூச்சுற்றித் தேங்காய் உடைத்திருந்தாள். நாலு நாளில் நாலு போட்டோ. ஒரே வாசலை நாலு கோணத்தில் எடுத்து அனுப்புகிறார் என்று எண்ணி, ரிப்போர்ட்டில், ‘கதவு நிலையின் தரம் நான்கு முறை சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினேன். தேங்காய் நாலு உடைந்திருப்பதை நான் கவனிக்கவில்லை.

வீட்டில் யாருமே கேட்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். அம்மாவுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் இப்படித்தான் கட்டுகிறார்கள் போலிருக்கிறது, படித்த பிள்ளையிடம் கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள். அப்பாவோ பூரித்துப் போயிருக்கிறார். “பாத்தியா, படிப்பு எம்புட்டு வந்தாலும் நம்ம புள்ள சேப்டிய விடல” என்று அம்மாவிடம் சொன்னாராம்.

ரூம் முடிந்து கதவெல்லாம் மாட்டிய வாரத்தில், எங்கள் கைடு சேகர் சார் கட்டடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சிரிப்பு என்பது சம்பளத்தோடு சேராத வேலை என்று நினைக்கிற மனிதர் அவர். ஒரு காரில் சார், நான், வகுப்புத் தோழிகள் இரண்டு பேர். டிக்கியில் அளவெடுக்கும் கருவிகள், இரண்டு பெரிய பெட்டிகளில். ரூமை அன்றுதான் நானும் முதல்முறையாகப் பார்க்கப் போகிறேன். அதை ஒரு சாதனையாக வழி நெடுகச் சாரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் நின்றார். அம்மா கலர் சோடாவும் காராச்சேவும் கொடுத்தாள். அண்ணாச்சியும் தலை சீவி வந்திருந்தார். எல்லாரும் மாடி ஏறினோம்.

சார் படிக்கட்டுப் பக்கத்து வாசலில் உள்ளே போனார். தோழிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சுற்றிப் போனார்கள். அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்து வாசலில் அப்பா சிரித்தபடி நுழைந்தார். நான் மட்டும் வெளியே நின்று வாசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வரைக்கும் எண்ணியபோது சார் தெருப்பக்கத்துக் கதவைத் தள்ளினார்.

“சார், கால எடுத்து வச்சிராதீக” என்று அண்ணாச்சி அவர் சட்டையைப் பின்னால் பிடித்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. கீழே டீக்கடை இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் அண்ணாந்து சாரைப் பார்த்தார்கள். சார் அவர்களைப் பார்த்தார். ஒருவர் வணக்கம் வைத்தார்.

சார் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, “இதை டிசைன் பண்ணினது யார்?” என்றார்.

“நம்ம புள்ளதான் சார்” என்றார் அப்பா.

பழியைத் தூக்கி அண்ணாச்சி தலையில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ‘சார், கொத்தனார் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு’ என்று வாயைத் திறப்பதற்குள், படிக்கட்டில் புதிதாக இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர் தலையாரி. இன்னொருவர் வி.ஏ.ஓ.

நடந்தது இதுதான். பட்டாசுக் கம்பெனி போர்மேன் வீட்டு மாடியில் நாலு வாசல் வைத்து, வெளிப்பக்கம் திறக்கிற கதவோடு ஒரு சின்ன ரூம் எழும்பினால், எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது என்ன என்று தெரியும். தெருவே ஒரு மாதமாகக் குசுகுசுத்திருக்கிறது. அன்றைக்கு மதுரை வண்டி வந்து பெட்டிகள் மேலே ஏறியதும், ‘பார்ட்டி வந்தாச்சு’ என்று யாரோ வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

வி.ஏ.ஓ. ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “போர்மேன், வீட்ல வச்சுத் திருட்டுத்தனமாப் பட்டாசு மருந்து செலுத்துறீகளாமே. உங்களுக்கே சட்டம் தெரியுமே” என்றார்.

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இத்தனை வருடத்தில் சட்டைப் பையில் ஒரு தீக்குச்சியோடு கம்பெனிக்குள் போகாத மனிதர். கம்பெனிக்கு இந்தச் செய்தி போனால் வேலை போகும். கேஸ் என்று ஆனால் அக்கா கல்யாணம் என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

“ஐயா, இது மருமகப்பிள்ளைக்குக் கட்டுன ரூமுங்க” என்றாள் அம்மா.

“மருமகப்பிள்ளைக்கு எதுக்கும்மா தப்பிச்சு ஓட நாலு வாசல்?” என்றார் வி.ஏ.ஓ.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த என் பிளானை எடுத்து நீட்டினார். “பிளான்ல இருக்கபடிதான் கட்டுனேன் சார். பாப்பா ஒண்ணையும் மாத்தக் கூடாதுன்னுச்சு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. ஆனால் நான் படித்த முட்டாள் என்று நிரூபித்தால்தான் அப்பா தப்புவார்.

“சார், டின்னா கதவு இல்ல. டே. நாள். நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

வி.ஏ.ஓ. நம்பவில்லை. “கட்டடம் படிச்ச புள்ளைக்கு டின்னா கதவுன்னு தெரியாதா?”

“தெரியும் சார். மறந்துட்டேன்.”

“கண்ணு முன்னால நாலு நெலை வச்சிருக்காரு. வந்து பாக்கலயா?”

“வந்து பாக்கக் கூடாதுங்கிறதுதான் சார் புராஜெக்டே.”

அவர் சேகர் சார் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க. இந்தப் புள்ள நெசமாவே இப்படித்தானா?” என்றார்.

சார் பிளானைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பிறகு மிகுந்த பொறுப்போடு, “ஆமாங்க. இப்படித்தான்” என்றார். இரண்டு வருடத்தில் அவர் எனக்காகப் பேசிய ஒரே நல்ல வார்த்தை அது.

எழுத்தில் வேண்டும் என்றார் வி.ஏ.ஓ. தலையாரி ஒரு தாளைக் கொடுத்தார். வி.ஏ.ஓ. சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘மேற்படி அறைக்கு நான்கு வாசல்கள் அமைந்தது முழுக்க முழுக்க என் அறியாமையால் மட்டுமே. இதில் வேறு எந்த உள்நோக்கமும் இல்லை என உறுதி கூறுகிறேன்.’ கீழே என் கையெழுத்து. சாட்சி, சேகர் சார். அவர் கையெழுத்துப் போடும்போது தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாசலை அன்றைக்கே செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வி.ஏ.ஓ. கலர் குடித்துவிட்டுப் போனார். அடைக்கிற வேலையில் சித்தாள் நான்தான். அண்ணாச்சி, “கலவையக் கொஞ்சம் தளர்த்தியாக் குழைங்க மேனேஜர்” என்று சொல்ல, நான் குழைத்தேன். தெருப்பக்கத்து வாசல் கம்பி போட்ட பெரிய ஜன்னல் ஆனது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, ரூமில் நல்ல காற்று வருகிறது என்று பாராட்டினார்.

புராஜெக்ட் தலைப்பைச் சார் மாற்றச் சொன்னார். வரைபடத்துக்கும் கொத்தனாருக்கும் நடுவில் செய்தி எப்படித் திரிகிறது என்று எழுதினேன். அந்த உறுதிமொழியின் நகலையும் பின்னிணைப்பில் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். சேர்த்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மற்ற பக்கங்களைப் புரட்டவே இல்லை. அதை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்.

நான் இப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். காலையில் முதல் வேலையாகச் சைட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன். வெயிலில் கறுத்துவிட்டேன் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள்.

ஆனால் அந்த உறுதிமொழி எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. குழம்பில் உப்புக் கூடினால் அம்மா அதைத்தான் சொல்கிறாள். மாமியார் வீட்டில் பால் பொங்கி வழிந்த அன்று அக்காவும் அதையே சொன்னாளாம். அந்த வீட்டுக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார். தொட்டி நிரம்பி, காயப்போட்டிருந்த வற்றல் மிளகாய் எல்லாம் முற்றத்தில் மிதந்தது. வாழ்க்கையில் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டறியாத அப்பா, அம்மாவின் முன்னால் போய்க் கைகட்டி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “மேற்படி மிளகாய் நனைந்தது முழுக்க முழுக்க என் அறியாமையால் மட்டுமே.”

அம்மா சிரிக்கவில்லை. “சாட்சி யாரு?” என்றாள்.

நான் கையைத் தூக்கினேன்.