கொள்ளுத்தாத்தா எடுத்த கணக்கு

உலகில் உயர்ந்த வம்சங்கள் இரண்டே வகை: ஆதாரம் உள்ளவை, ஆதாரத்தைத் தேடிப் பார்க்காதவை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்து, 'நாளைக்குவா' என்ற பட்டத்துடன் ஓய்வுபெற்ற நம்மவர், இரண்டாம் வகையில் நிம்மதியாகத்தான் இருந்தார். தங்கை கெடுத்துவிட்டாள். அப்பா உயில் எழுதாமலே போய்விட்டார், வீட்டில் எனக்கும் பாதி உண்டு என்று வந்து நின்றாள்.

"நம்ம வம்சத்துல எந்தப் பொண்ணும் சொத்துன்னு வாயத் திறந்ததில்லம்மா. அதான் நம்ம பெருமை."

"அப்படியா அண்ணா? பழைய காகிதமெல்லாம் பாத்துட்டு வந்து சொல்லு. ஒருத்திகூட கேக்கலன்னா, நானும் வேணாம்னு கையெழுத்துப் போட்டுடறேன்."

காகிதமா! மீன்குஞ்சுக்கா நீச்சல் சவால்? மறுநாளே ஆவணக் காப்பகத்தில் போய் நின்றார். "நாளைக்கு வாங்க சார்" என்றார் காப்பாளர் அம்மா. அந்தக் குரலின் சுத்தத்தை நம்மவர் ஒரு வித்வானைப்போல் ரசித்தார். நாலு நாள் ரசித்தார். ஐந்தாம் நாள் மூன்று கட்டுகள் வந்தன.

முதல் கட்டு நிலப் பதிவேடு. கொள்ளுத்தாத்தா பெயரில் ஏழு ஏக்கர்! நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கு மேல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்த பெயர், கொள்ளுத்தாத்தாவின் தங்கையுடையது. அவளுக்கென்று அவள் அப்பா எழுதிவைத்த நிலம். ஓரத்தில் குறிப்பு: 'தங்கை இறந்தமையால் அண்ணன் பெயருக்கு மாற்றப்பட்டது. ஆதாரம்: மக்கள்தொகைக் கணக்கு.'

"ஐயோ பாவம், அற்பாயுசு" என்று உச்சுக்கொட்டினார்.

இரண்டாவது, அந்த மக்கள்தொகைக் கணக்கு. வீட்டில் எட்டுப் பேர். தங்கை இல்லை. கீழே கணக்கெடுத்தவரின் கையெழுத்து, சாட்சாத் கொள்ளுத்தாத்தாவினுடையது! அந்தத் தெருவுக்குக் கணக்கெடுக்க அரசு அவரைத்தான் நியமித்திருந்தது. தம் வீட்டுக் கதவைத் தாமே தட்டி, தம்மையே கேள்வி கேட்டு, பதிலையும் தாமே எழுதியிருக்கிறார். பிறருக்குச் சிரமம் கொடுக்காத மனிதர்.

மூன்றாவது ஓர் உயில். தேதி பதினோரு ஆண்டு பிந்தியது. எழுதியவள் 'இறந்த' தங்கை. 'நல்ல உடல்நலத்தோடும் சுயபுத்தியோடும்' என்று தொடங்கியிருந்தாள். செத்தவர்களுக்கு இந்த உடல்நலம் அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

'அன்றும் இன்றும் இதே வீட்டின் பின்னறையில்தான் இருக்கிறேன். என் அண்ணன் என்னைக் கணக்கில் எழுதாமல் விட்டு, அந்தக் கணக்கைக் காட்டி என் நிலத்தை எடுத்துக்கொண்டான். கேட்டேன், தரவில்லை. எழுதிவைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. அவன் வம்சத்தில் எவனுக்காவது வெட்கம் பிறந்தால், அவன் தன் தங்கைக்கு உரியதைக் கொடுக்கட்டும்.'

கைபேசி அடித்தது. தங்கை.

"என்னண்ணா, பாத்துட்டியா?"

நம்மவருக்கு வெட்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. ஆனால் வாய் அதை முந்திக்கொண்டது.

"பாத்துட்டேம்மா. ஒருத்தியும் கேக்கல. கொள்ளுத்தாத்தாவுக்குத் தங்கச்சின்னு ஒருத்தியே கிடையாது."

"சரிண்ணா. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். எப்ப வந்து கையெழுத்துப் போடணும்?"

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் நம்பிவிட்டாள். போனை வைத்துவிட்டார்.

காப்பாளர் அம்மா உயிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நகல் வேணுமா சார்? இல்ல, கட்டி உள்ள வெச்சிரட்டுமா?"

உள்ளே போனால் திரும்ப வெளிவர எத்தனை தலைமுறை ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? "படிவம் குடுங்கம்மா."

'நகல் அனுப்ப வேண்டிய முகவரி' என்ற இடத்தில் தங்கையின் முகவரியை எழுதினார். கடைசியாக ஒரு சின்னக் கட்டம்: 'உயில் எழுதியவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு?'

முப்பத்தொரு ஆண்டு பழகிய முத்து முத்தான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினார்:

'இவரைக் கொன்ற குடும்பம். முதல் தடவை என் கொள்ளுத்தாத்தா, கணக்கெடுப்பில். இரண்டாம் தடவை நான், சற்றுமுன், தொலைபேசியில்.'